ஜப்பான் பள்ளிக்கூடப் பையும் நம்ம புல்லரிப்பும்

ஜப்பான்காரன் எதைச் செஞ்சாலும் புல்லரிச்சுப் போறது நம்மில் பலருக்கு ஒரு வியாதி. இந்தமுறை புல்லரிப்பு, பள்ளிக்கூடப் பைக்காக. 'ராண்டோசெரு' என்ற அந்தப் பெட்டி மாதிரியான முதுகுப் பையைத்தான் சொல்கிறேன். வயசான கைவினைஞர் தோலை வெட்டுகிறார், தைக்கிறார், சுத்தியலால் தட்டுகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உடனே, "பார், ஒரு பள்ளிக்கூடப் பைக்கே எவ்வளவு சிரத்தை!" என்று நாலு பேருக்கு அனுப்பி வைக்கிறோம்.

சிரத்தை உண்மைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. டோக்கியோவில் 1965ல் சின்னப் பட்டறையாக ஆரம்பித்த கம்பெனி சுச்சியா கபான். அவர்கள் பையில் 150 பாகங்களுக்கு மேல், வேலையோ 300 படிகளுக்கு மேல். ஆறு வருஷ உத்தரவாதம் வேறு. ஒண்ணாம் வகுப்பில் மாட்டினால் ஆறாம் வகுப்பு முடியும் வரை உழைக்கும்.

என் கேள்வி வேறு. அந்தப் பையை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

முதலில் கொஞ்சம் சரித்திரம். பெயரே டச்சு மொழியிலிருந்து வந்தது. 'ரான்செல்' என்றால் சிப்பாய் முதுகில் சுமக்கும் பை. டோக்கியோவில் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி கக்குஷூயின். குதிரை வண்டியிலும் ரிக்‌ஷாவிலும் பிள்ளைகள் வந்து இறங்குவதை அந்தப் பள்ளி 1885ல் தடை செய்தது. வீட்டில் நீ எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பள்ளியில் எல்லோரும் சமம், உன் சுமையை நீயே சுமந்து வா என்பதுதான் அர்த்தம். 1887ல் இளவரசர் யோஷிஹிதோ (பின்னாளில் தாய்ஷோ பேரரசர்) பள்ளியில் சேர்ந்தபோது பிரதமர் இதோ ஹிரோபுமி ஒரு தோல் பையைப் பரிசளித்தார். இன்றைய பெட்டி வடிவத்துக்கு அதுதான் மூலம் என்பார்கள்.

கவனியுங்கள், இந்தப் பை பிறந்ததே சமத்துவத்துக்காக! அது இன்றைக்கு எங்கே வந்து நிற்கிறது?

ஒரு ராண்டோசெருவின் சராசரி விலை இப்போது சுமார் 60,000 யென். நம்ம காசுக்கு 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல். குதிரைத்தோலில் செய்தது என்றால் 1 லட்சம் யென்னைத் தாண்டும். பள்ளியில் சேர ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்போதே பை தேடும் படலம் ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு 'ரான்-கட்சு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வேலை தேடுவதைச் சொல்லும் 'ஷூ-கட்சு' மாதிரியே இதுவும்.

விலை ஏன் ஏறுகிறது? தோல் விலை, கூலி எல்லாம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 1973ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 20 லட்சத்துக்கு மேல். 2023லோ 7.3 லட்சம்கூட இல்லை. வாங்குகிற பிள்ளை குறைந்தால் ஒரு பிள்ளையிடம் அதிகமாக விற்க வேண்டும். அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி என்று 'ஆறு பாக்கெட்' ஒரே பிள்ளைக்காகத் திறந்திருக்கிறது. முன்பு பையனுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். 2001ல் ஏயான் கடைகள் 24 நிறங்களில் கொண்டு வந்தன. பெண் பிள்ளை நீலம் மாட்டலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் நிறத்தோடு நிற்கவில்லையே! பூத்தையல், பளபளப்பு, பிராண்டு என்று போட்டி வளர்ந்துகொண்டே போனது.

"பிடிக்காவிட்டால் வாங்காதே, கட்டாயமா?" என்று கேட்பீர்கள். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் வகுப்பில் முப்பது பேர் முதுகிலும் அதே பை இருக்கும்போது, முப்பத்தொன்றாவது பிள்ளையை வேறு பையோடு அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்?

2010 கிறிஸ்துமஸ் அன்று குன்மா மாகாணம் மாயேபாஷியில், ஆதரவற்ற குழந்தைகளுக்கென்று யாரோ பத்து ராண்டோசெருவை வைத்துவிட்டுப் போனார். 'டைகர் மாஸ்க்' கதாநாயகன் தாத்தே நாவோத்தோவின் பெயரில்! அதைப் பார்த்து நாடு முழுக்கப் பலர் அதே பெயரில் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் யோசியுங்கள். அவர் ஏன் பையைத் தேர்ந்தெடுத்தார்? அது இல்லாத பிள்ளை மற்றவர்களுக்கு ஒரு படி கீழே நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்புறம் "கட்டாயம் இல்லை" என்பதற்கு என்ன மதிப்பு?

"ஆறு வருஷம் உழைக்குமே, கணக்குப் போட்டால் மலிவுதான்" என்பது அடுத்த வாதம். 60,000 யென்னை ஆறால் வகுத்தால் வருஷத்துக்கு 10,000, சரி. ஆனால் கடைக்காரர் ஆறு தவணையாகவா கேட்கிறார்? இல்லாத வீட்டுக்கு அது ஒரே நாளில் விழும் அடி. அதுவும் சீருடை, மேஜைச் செலவெல்லாம் சேர்ந்து வரும் நேரத்தில்.

பாரத்தையும் பாருங்கள். தோல் பை வெறுமையாகவே 1 கிலோவைத் தாண்டும். மேலே தடித்த புத்தகங்கள், இப்போது டேப்லெட்டும். புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போக அனுமதியுங்கள் என்று கல்வி அமைச்சகமே 2018ல் பள்ளிகளுக்கு எழுத வேண்டி வந்தது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் ஜப்பானிலேயே. கியோட்டோ மாகாணத்தில் முகோ என்ற ஊர். பிள்ளைகளின் பையிலேயே ஏழை பணக்காரன் தெரிகிறதே என்று ஆசிரியர்கள் வருத்தப்பட, அங்குள்ள மருயாசு கம்பெனி 1968ல் ஒரு நைலான் பை செய்தது. ராண்டோசெருவையும் ரக்சாக்கையும் சேர்த்து 'ரான்ரிக்கு' என்று பெயர். மஞ்சள் நிறம், லேசு, விலையும் கொஞ்சம்தான். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இன்றைக்கும் அதைத்தான் மாட்டுகிறார்கள். தொயாமா மாகாணத்தின் தாதேயாமா ஊராட்சி, மலையேற்றச் சாமான் செய்யும் மான்ட்பெல் கம்பெனியோடு சேர்ந்து 1 கிலோவுக்கும் குறைவான பையை உருவாக்கி, 2023 முதல் புதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகளின் படிப்பு ஒன்றும் கெட்டுப் போகவில்லை!

சுச்சியா கபான் 1965, மருயாசு 1968. மூன்றே வருஷ இடைவெளி. ஒன்று பையை எப்படி இன்னும் நன்றாகச் செய்வது என்று யோசித்தது. மற்றது பையால் எந்தப் பிள்ளையும் கூனிக் குறுகக் கூடாது என்று யோசித்தது. உலகம் முழுக்கப் பேர் வாங்கியது முதலாவது. 1885ல் கக்குஷூயின் சொன்னதைக் காப்பாற்றியது இரண்டாவது.

கைவினைஞரின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. நல்ல தோல் பை செய்யட்டும், ஆசைப்பட்டவர்கள் வாங்கட்டும். ஆனால் சேர்க்கைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து, "எந்தப் பை என்றாலும் சரி, தூக்க லேசாக இருந்தால் போதும்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு யென்கூட செலவு இல்லை.