விளையாட்டின் ஈர்ப்பும் மூலதனத்தின் தூண்டிலும்

2025 ஆகஸ்ட் 20 அன்று ஒன்றிய அரசு மக்களவையில் ஒரு மசோதாவை அறிமுகம் செய்தது. அன்றைய தினமே அது அங்கு நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையில் நிறைவேறியது. அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. உருப்படியான விவாதம் ஏதுமின்றி மூன்றே நாட்களில் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை அது தடை செய்கிறது. அவற்றை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்கிறது. ஏறத்தாழ 45 கோடிப் பேர் இந்த ஆட்டங்களில் ஆண்டுதோறும் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கின்றனர் என்பது அரசே முன்வைத்த மதிப்பீடு.

தடை வரவேற்கத்தக்கது. ஆனால் இவ்வளவு காலம் இந்தக் கொள்ளை நடந்ததற்கு யார் பொறுப்பு? பந்தயத் தொகை முழுவதன் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி விதித்து, 2023 அக்டோபர் முதல் அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டது இதே அரசு. பந்தய ஆட்ட நிறுவனம் ஒன்றின் பெயரை நெஞ்சில் தாங்கியே இந்திய கிரிக்கெட் அணி களமிறங்கி வந்தது. தற்கொலைகள் தொடர்ந்த நிலையில் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றிய தடை மசோதாவையோ, ஒன்றிய அரசு நியமித்த ஆளுநர் நான்கு மாதங்களுக்கும் மேல் கிடப்பில் வைத்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றிய பின்னரே ஒப்புதல் கிடைத்தது. இந்த வரலாற்றை மறந்துவிட்டு, காப்பாளர் வேடம் பூணும் அரசைப் பாராட்டுவதற்கு நம்மிடம் காரணம் இல்லை.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று நாடாளுமன்றத்தில் எழாமலே போனது. கைப்பேசி ஆட்டத்தில் மனிதரை மணிக்கணக்கில் கட்டிப்போடுவது எது? இளைஞர்களுக்கு ஒழுக்கம் குறைந்துவிட்டது என்பது ஒரு சுலபமான பதில். கைப்பேசியே சாத்தான் என்பது இன்னொன்று. முதலாவது பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது கருவியைப் பழித்துவிட்டு அதன் உடைமையாளரைத் தப்பவிடுகிறது. இந்தக் கேள்விக்குப் பொருள்முதல்வாதப் பதில் தேட வேண்டியது நம் கடமை.

மாஸ்கோவில் பிறந்த ஆட்டம்

1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னவ் ‘டெட்ரிஸ்’ என்ற ஆட்டத்தை உருவாக்கினார். மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி, இடைவெளியின்றி வரிசையாக அடுக்க வேண்டும், அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, பரிசு இல்லை, விற்பனையும் இல்லை. இருந்தும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கப்பட்டு அலுவலகம் அலுவலகமாகப் பரவியது. உலகச் சந்தை அதைக் கண்டுகொண்டதெல்லாம் பிறகுதான்.

அதன் ஈர்ப்பு எங்கிருந்து வந்தது? செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருந்தது. ஒவ்வொரு செயலுக்கும் அக்கணமே விளைவு தெரிந்தது. ஆடுபவரின் திறன் வளர வளர, ஆட்டத்தின் கடினமும் வளர்ந்தது. தவறினால் தண்டனை இல்லை, மீண்டும் தொடங்கலாம். சதுரங்க ஆட்டக்காரர்கள், மலையேறுவோர், அறுவை மருத்துவர்கள் ஆகியோரை ஆராய்ந்த உளவியல் அறிஞர் மிகாலி சிக்சென்ட்மிகாயி, தன்னை மறந்து செயலில் மூழ்கும் நிலையை 1970களில் விளக்கினார். கடினம் திறனை மீறினால் பதற்றம் உண்டாகிறது, திறனுக்குக் குறைந்தால் சலிப்பு உண்டாகிறது. இரண்டும் பொருந்தும் இடத்தில் நேரம் போவதே தெரிவதில்லை என்றார். அவர் ஆராய்ந்தவர்களில் அறுவை மருத்துவர்களும் இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். அந்த நிலை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று, உழைப்புக்கும் உரியது.

மார்க்ஸ் இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டார். ‘மூலதனம்’ முதல் தொகுதியில் உழைப்பு நிகழ்முறையை விளக்குமிடத்தில், தன் உடல், அறிவு ஆற்றல்களின் விளையாட்டாக உழைப்பை ஒருவர் எவ்வளவு குறைவாக அனுபவிக்கிறாரோ, அவ்வளவுக்கு அவர் தன் கவனத்தை வலிந்து அதில் செலுத்த நேர்கிறது என்று சுட்டிக்காட்டினார்.

பிவண்டியின் விசைத்தறிக் கூடத்திலோ, குருகிராமத்தின் சரக்குக் கிடங்கிலோ பன்னிரண்டு மணிநேரம் நின்று உழைக்கும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். என்ன செய்வது, எவ்வளவு வேகத்தில் செய்வது என்பதில் அவருக்குச் சொல்லில்லை. செய்த பொருள் எங்கே போகிறது என்றும் தெரியாது. எவ்வளவு கற்றாலும் பதவி உயர்வில்லை. இரவில் நால்வர் உறங்கும் அறையில் அவர் கையிலுள்ள கைப்பேசியோ தெளிவான இலக்கைத் தருகிறது. முயற்சிக்கு உடனடிப் பலன் தருகிறது. அடுத்த நிலைக்கு உயர்த்துகிறது. ஊரிலிருக்கும் நண்பர்களை ஒரே அணியில் சேர்த்துப் பேசவும் வைக்கிறது. அரசுப் பணித் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பட்டதாரியின் நிலையும் இதுவே. 2024 ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய யுஜிசி-நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. முயன்றால் பலன் உண்டு என்ற எளிய நீதியை நாடு அவர்களுக்கு மறுக்கிறது. ஆட்டம் அதை ஒரு நிமிடத்தில் வழங்குகிறது. வாழ்வில் இல்லாத ஒன்றையே அவர்கள் அங்கே தேடுகிறார்கள்.

மெய்நிகர் உலகம்

மெய்நிகர்க் கண்ணாடி இந்த ஈர்ப்பை உடல் முழுவதற்கும் விரிக்கிறது. அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் 1968இல் உருவாக்கிய தலையணிக் கருவியில் இதன் வரலாறு தொடங்குகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் உடனே திரும்ப வேண்டும். நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்தால் மயக்கமும் குமட்டலும் உண்டாகலாம். அந்தத் தாமதம் நீங்கிவிட்டால், ‘நான் அங்கே இருக்கிறேன்’ என்று உடல் நம்பிவிடுகிறது. அறையின் தரையில் நிற்கிறோம் என்று அறிவுக்குத் தெரிந்திருந்தும், மெய்நிகர் மலை விளிம்பில் கால்கள் நடுங்குகின்றன.

இந்த ஆற்றல் மனிதகுலத்துக்குப் பயன்படக்கூடியது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளிகளை மெய்நிகர்ப் பனியுலகில் உலவவிட்டு, அவர்களின் வலியுணர்வைக் குறைக்க முடியும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அறுவை மருத்துவர்களும் விமானிகளும் ஆபத்தின்றிப் பயிற்சி பெறுகிறார்கள். ஆனால் தொழில்நுட்பம் யார் கையில் இருக்கிறது என்பதே அது எதற்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. மெட்டா நிறுவனத்தின் மெய்நிகர்ப் பிரிவு 2022 முதல் 2024 வரையிலான மூன்றாண்டுகளில் மட்டும் 4,700 கோடி டாலருக்கும் மேல் நட்டம் காட்டியது. ஏகபோக மூலதனம் வலியைத் தணிப்பதற்காக இவ்வளவு பணத்தைக் கொட்டுவதில்லை. தலை எங்கே திரும்புகிறது, கை எப்படி அசைகிறது, கண் எதில் நிலைக்கிறது என்று அளக்கவல்ல கருவியை முகத்திலேயே மாட்டிவிட்டால், மனிதரின் கவனத்தை அதுவரை கண்டிராத துல்லியத்தோடு விற்கலாம். அந்த எதிர்பார்ப்பே முதலீட்டை இழுக்கிறது.

தூண்டிலின் முள்

மனிதரின் இயல்பான விளையாட்டு விருப்பம் வேறு. அதன் மீது பொருத்தப்படும் முள் வேறு. அந்த முள்ளின் அறிவியல் அடிப்படை 1957இலேயே நூலாக வெளிவந்துவிட்டது. ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் புறாக்களைக் கூண்டிலிட்டு, பொத்தானைக் கொத்தினால் தானியம் விழச் செய்தார்கள். தானியம் எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்பதை முன்கூட்டி அறிய முடியாதபடி செய்தபோது, புறாக்கள் ஓய்வின்றிக் கொத்தின. தானியம் நின்றபிறகும் எளிதில் விடவில்லை. சூதாட்ட எந்திரத்தின் கைப்பிடியை மனிதர் இழுத்துக்கொண்டே இருப்பதும் இதே விதியின்படிதான்.

இன்றைய ‘இலவச’ ஆட்டங்கள் அந்தக் கூண்டை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைத்துவிட்டன. 2012இல் வெளியான ‘கேண்டி கிரஷ்’ ஆட்டத்தில் ஐந்து ‘உயிர்கள்’ உண்டு. இழந்த உயிர் திரும்ப அரை மணிநேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க இயலாவிட்டால் பணம் கட்டலாம். முதலில் பொறுமையின்மையை உண்டாக்கு, பிறகு அதற்கு மருந்தை விற்பனை செய் என்பதே அந்த வாணிபம். இலவசமாகக் கிடைக்கும் இந்த ஆட்டத்தின் உரிமையாளரான கிங் நிறுவனம் 2016இல் 590 கோடி டாலருக்கு விலைபோனது. அதை வாங்கிய நிறுவனத்தையே 2023இல் மைக்ரோசாப்ட் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. அறியாத பரிசுக்காகப் பணம் கட்டும் ‘மர்மப் பெட்டிகள்’ சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. குழந்தைகளின் தனியுரிமையை மீறியதாகவும், குழப்பும் பொத்தான்களால் விரும்பாத கொள்முதலைச் செய்யவைத்ததாகவும் எழுந்த குற்றச்சாட்டுகளில், ‘ஃபோர்ட்நைட்’ ஆட்டத்தை நடத்தும் எபிக் நிறுவனம் 2022இல் அமெரிக்காவில் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

வியட்நாமின் டோங் நுயென் என்ற இளைஞர், தான் தனியாளாக உருவாக்கி உலகம் முழுவதும் பரவிய ‘ஃபிளாப்பி பேர்ட்’ ஆட்டத்தை 2014 பிப்ரவரியில் தாமே திரும்பப் பெற்றார். மக்கள் அதற்கு அடிமையாவது தன் மனசாட்சியை உறுத்துவதாகக் கூறினார். தனிமனிதருக்கு அது முடிந்தது. காலாண்டுதோறும் பங்குதாரருக்கு இலாபக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்திடம் அப்படியொரு மனசாட்சியை எதிர்பார்க்க முடியாது. அங்கே சட்டமும் மக்கள் போராட்டமும்தான் மனசாட்சியின் இடத்தை நிரப்ப வேண்டும்.

உழைப்பே ஆட்டமாகும்போது

இதே முள் இன்று தொழிலாளியின் கூலியிலும் பொருத்தப்பட்டுள்ளது. உணவு விநியோகிக்கும் தொழிலாளியின் கைப்பேசித் திரையைப் பாருங்கள். இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை, நட்சத்திர மதிப்பெண், தங்கம், வெள்ளி என்று படிநிலைகள், எப்போது எங்கே கூடுதல் தொகை கிடைக்கும் என்று கணிக்க முடியாத அறிவிப்புகள். ஆட்டத்தின் அத்தனை உறுப்புகளும் அங்கே உள்ளன. சமூகவியல் அறிஞர் மைக்கேல் புராவாய் 1974-75இல் சிகாகோ பகுதி எந்திரத் தொழிற்சாலையில் தாமே தொழிலாளியாக வேலை செய்து, ஒன்றைக் கண்டறிந்தார். துண்டுக் கூலி முறையில் இலக்கை எட்டுவதைத் தொழிலாளர்கள் ஓர் ஆட்டமாக ஆடினர். ஆடத் தொடங்கியதுமே ஆட்டத்தின் விதிகளை ஏற்றுக்கொண்டவராயினர். சுரண்டலுக்கான சம்மதம் அங்கே உற்பத்தியானது. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் எந்திரத்தருகே ஒன்றாக நின்றனர். விதிகளை ஓரளவு தங்கள் கையில் வைத்திருந்தனர். இன்றைய விநியோகத் தொழிலாளி சாலையில் தனியாக நிற்கிறார். விதியை நிறுவனத்தின் செயலி இரவோடு இரவாக மாற்றுகிறது. நிதி ஆயோக்கின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி 2020-21இல் இத்தகைய தொழிலாளர்கள் 77 லட்சம் பேர், 2029-30இல் 2.35 கோடியாவர் என்பது அதன் கணிப்பு. புதிய சட்டம் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘இலவச’ ஆட்டங்களின் உள்விற்பனை உத்திகளையும் அது தடுக்கவில்லை.

ஆகவே நாம் வலியுறுத்த வேண்டியவை தெளிவானவை. தடை விதித்ததோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடாது; வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயச் செயலிகளை முடக்க வேண்டும். மர்மப் பெட்டி, பொய்யான அவசரம், குழப்பும் பொத்தான் ஆகியவற்றிலிருந்து குழந்தைகளையாவது முதலில் காக்க வேண்டும். விளையாட்டு அடிமைநிலையை உலகச் சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இயங்கும் சிறப்புச் சிகிச்சைப் பிரிவைப் போன்ற ஒன்று மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வேண்டும். கூலியையும் வேலையையும் தீர்மானிக்கும் செயலியின் விதிகளை அறியும் உரிமை தொழிலாளருக்கு நாடு முழுவதும் சட்டப்படி வேண்டும். எட்டு மணிநேர வேலையும், உழைப்பாளர் குடியிருப்புகளில் மைதானமும் நூலகமும் இந்தப் பட்டியலில் கடைசியாக வருபவை அல்ல.

தோழர்களே, நம்மை நோக்கியும் ஒரு கேள்வி இருக்கிறது. கைப்பேசியில் மூழ்கிய இளைஞரைக் கடிந்துகொள்வது எளிது. அவர் நம் கிளைக் கூட்டத்துக்கு ஒருநாள் வந்தால் எதைக் காண்கிறார்? இரண்டு மணிநேர அறிக்கையையா, தன் திறனுக்கேற்ற ஒரு வேலையையா? செய்த வேலைக்கு யாராவது மறுமொழி சொல்கிறார்களா? தவறினால் கற்றுத்தர ஆளுண்டா? வளர இடமுண்டா, உடன் நிற்கத் தோழமை உண்டா? ஆட்டம் பொய்யான வெற்றியைத் தருகிறது. வேலைநிறுத்தத்தில் வென்ற கூலி உயர்வும், மனு கொடுத்துக் கொண்டுவந்த குடிநீர்க் குழாயும் மெய்யான வெற்றிகள். அவற்றில் ஒன்றையேனும் தன் கையால் வென்றெடுத்த இளைஞருக்கு, தன் ஆற்றலின் சுவை தெரிந்துவிடும். அந்த வாய்ப்பை அவருக்கு அளிப்பதிலிருந்து நம் வேலை தொடங்கட்டும்.