நிழலும் உழைப்பாளியின் உரிமையே!

தமிழ் நிலத்தின் ஒழுக்கங்களுக்குப் பொழுது வகுத்துரைத்த தொல்காப்பியர், பாலைக்குரிய பெரும்பொழுதாக வேனிலையும் சிறுபொழுதாக நண்பகலையும் வைத்தார். அதற்குரிய ஒழுக்கமாகப் பிரிவை வைத்தனர் நம் முன்னோர். பொருள் தேடி வெயிலிற் சென்றவன் நலமாய் மீள்வானோ என மனையிலிருப்பவள் ஏங்கும் அந் நிலை, ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாட்டுச் செய்தி என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். அவ்வாறன்று. விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை என விரிந்து கிடக்கும் கரிசல் மண்ணில், வேனிற்காலத்து ஒவ்வொரு நாட் காலையிலும் அப் பிரிவு நிகழ்கின்றது. வேறுபாடு ஒன்றே. இன்று பொருள் தேடிப் போகின்றவர்களுட் பெரும் பகுதியினர் பெண்கள். மாலையில் அவர்கள் மீள்வரோ என வாயிலைப் பார்த்து நிற்பவை அவர்கள் பெற்ற குழந்தைகள்.

இவ் வட்டாரத் தொழிலுக்கு முதற்பொருள் வெயிலே. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யுங் கலையைக் கற்று வந்து சிவகாசியில் அத் தொழிலைத் தொடங்கினர். மழை குன்றி, காற்று உலர்ந்து, உழவு பொய்த்த இம் மண்ணில், மருந்து தோய்த்த குச்சி விரைந்து காய்ந்தது. வெடியும் விரைந்து காய்ந்தது. ஊருக்குச் சாவிப்பாய் இருந்த வெயில், தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. இந்தியாவில் வெடிக்கப்படும் வெடிகளிற் பத்தில் ஒன்பது பங்கு இங்கிருந்தே போகின்றது என்பர். 'குட்டிச் சப்பான்' என்று புறத்தார் புகழ்கின்றனர். அப் புகழுக்குரிய விலையை யார் தருகின்றனர் என்பதே நம் வினா.

விடியுமுன் எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுச் சிற்றுந்தில் நெருக்கியடித்து ஏறுகின்றாள் ஒருத்தி. வேலைக்களத்தில் சிறு சிறு அறைகள். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது நெறி. மருந்து புழங்கும் அறையில் பொறிக்கு அஞ்சி மின்விசிறி வைத்தற்கில்லை. பிற தொழிலாளர்க்கு விசிறியேனும் துணையாகும்; இவளுக்கு அதுவும் இல்லை. மேலே கொதிக்குங் கூரை. கீழே கொதிக்குந் தரை. மேனியெல்லாம் அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும். திரி செருகினாலும், சரவெடி பின்னினாலும், தாள் ஒட்டினாலும், எண்ணிக்கைக்கே கூலி. எழுந்து சென்று நீர் பருகினால் அவ்வளவு எண்ணிக்கை குறையும். ஒதுங்குதற்குத் தூய இடமின்மையால், தாகத்தை அடக்கிக்கொள்ளும் பெண்கள் பலர். அவ்வாறு அடக்கிய தாகமே பின்னர் நீர்க்கடுப்பாகவும் சிறுநீரகக் கல்லாகவும் வெளிப்படுகின்றது.

உடலின் இயல்பை அறிந்தோர் கூறுவது இது: வெயிலில் உழைக்கும் உடல் வியர்வையாலேயே தன்னைக் குளிர்வித்துக் கொள்கின்றது. வியர்வை போகுந்தோறும் நீரும் உப்பும் போகின்றன. ஈடு செய்யாவிடின் குருதி சுண்டும், நெஞ்சாங்குலை விரைந்தடிக்கும், தலைவலியும் குமட்டலும் தசைப்பிடிப்பும் தோன்றும். உடற்சூடு 40 பாகை செல்சியசைத் தாண்டி அறிவு தடுமாறுமாயின் அது வெப்பத்தாக்கு. நொடிதோறும் உயிர் கரையும் நிலை. கருவுற்ற பெண்ணுக்கோ இடர் இரண்டு உயிர்க்கு. தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களிடை நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வொன்று, மிகு வெப்பத்தில் உழைத்தோர்க்குக் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காயிருந்ததைக் காட்டியது.

இவ் வட்டாரத்தில் வெப்பம் இன்னொரு வகையாலும் கொல்லும். வெடிமருந்தை இங்குள்ளோர் 'மருந்து' என்றே சொல்வர். நோய் நீக்கும் பொருளுக்குத் தமிழன் இட்ட பெயர், உயிர் நீக்கும் பொருளுக்கும் வழங்குகின்றது. அதனைக் கலத்தலும் செலுத்துதலும் வெயில் ஏறுமுன் முடிதல் வேண்டும் என்பது தொழிலறிந்தோர் கொள்கை. ஏனெனில் சிறிய உராய்வே அதற்குப் போதும். வெப்பத்தால் சோர்ந்த கண்ணும், வியர்த்து வழுக்குங் கையும், எண்ணிக்கையை எட்ட விரையும் மனமும் ஒன்று கூடும் நண்பகலில், அச் சிறிய உராய்வு நிகழ எவ்வளவு நேரம் வேண்டும்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்பிரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 மே 9 அன்று, கத்தரி வெயில் காய்ந்துகொண்டிருந்த நாளில், செங்கமலப்பட்டியில் பெண்கள் பலர் உள்ளிட்ட எண்மருக்குக் குறையாதோர் மாண்டனர். இவை யெல்லாம் வெயிலால் மட்டுமே நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. உள்குத்தகையும், அளவுக்கு மிஞ்சிய ஆளும், அளவுக்கு மிஞ்சிய மருந்தும் குற்றவாளிகளே. ஆனால் தளர்ந்த உடல் தவறு செய்யும் என்பதை அறிந்தும் அவ் வுடலைத் தளரவிடுவதும் குற்றமே யன்றோ?

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். 'நீர் நிறையக் குடியுங்கள், நிழலில் இளைப்பாறுங்கள்' என்று வேனில்தோறும் அறிவுரை வருகின்றது. நல்லுரையே. ஆனால் இளைப்பாறிய நேரத்திற்குக் கூலி இல்லை யென்றால், அவ் வறிவுரை ஏழையை நோக்கிச் செய்யும் ஏளனமாகவே முடியும். நீர்ப்பானை பக்கத்திலிருந்தும் கை அதன்பாற் செல்லாமல் தடுப்பது எண்ணிக்கைக் கூலி. ஆகலின், வேனிற்காலத்து இளைப்பாறும் நேரத்திற்கும் கூலி உண்டு என்பதே முதற்கண் பெறவேண்டிய உரிமை. ஏனைய யாவும் அதன் பின்னரே பயன் தரும்.

சட்டம் என்ன செய்தது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையில் வேனிற்காலத்துக் குளிர்ந்த நீர் தரவேண்டும் என்றது. 30 பெண்களுக்கு மேல் உழைக்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 249 பேர் உழைத்தால் அவர்களுக்குத் தாகம் எடுக்காதா? அச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தொகுப்போ, 50 தொழிலாளர்க்கு மேல் இருந்தாற்றான் காப்பகம் என்கின்றது. சிறு சிறு களங்களாகச் சிதறிக் கிடக்கும் இத் தொழிலில், எண்ணைக் காட்டி உரிமையை மறுப்பது எளிதாயிற்று. தமிழ்நாட்டரசு 2024 அத்தோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்திற்கு 4 இலக்கம் உருபா என்றது. வரவேற்கின்றோம். ஆயினும் இறந்த பின் தரும் இலக்கங்களைவிட, இருக்கும்போது தரும் இரண்டு மணி நேர நிழல் பெரிது. தமிழர் கூலிக்குச் செல்லும் கத்தார் நாட்டில், 2021-இல் விரித்த ஆணைப்படி, சூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்குதற்குத் தடை. பாலைவனத்து அரசு செய்ததைப் பாலைத்திணை கண்ட நாடு செய்தலாகாதா?

மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் நம்முள்ளும் இருக்கக் கூடும். தொடர்பு உண்டு. வெள்ளையன் 1884-இல் இயற்றிய வெடிபொருட் சட்டத்தின் கீழேயே இத் தொழில் நடக்கின்றது. அதன்வழி 2008-இல் வகுத்த நெறிகளை இந்திய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டது. உரிமம் தரும் நடுவண் அமைப்பின் தலைமையகம் நாகபுரியில். உரிமம் அங்கே, உயிர் இங்கே. எவளுடைய கை மருந்தைத் தொடுகின்றதோ, அவளுடைய மொழியில் அம் மருந்தின் இடர் எழுதப்படவில்லை யென்றால், அதனினும் கொடிய மொழிப்புறக்கணிப்பு வேறு யாது?

இன்னும் சிலர், 'தீபாவளி தமிழர் விழாவன்று. அதற்காக நடக்கும் தொழில்பற்றி நாம் ஏன் கவல வேண்டும்?' என்பர். அவ் விழாவைப்பற்றிய நம் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் வெடியை வெடிப்பவன் வேறு, செய்பவள் வேறு. அவள் நம் உடன்பிறந்தாள். தமிழை வாயிற் கொண்டிருக்கும் உயிர் அவள். அவள் தாலாட்டு நின்றுவிடின், நாம் அச்சிடும் தூயதமிழ் யாருக்காக? வேறு தொழில் தர இயலாத நாம், இருக்குந் தொழிலில் அவள் பிழைத்திருக்கவேனும் வழி தேடல் வேண்டும்.

குடும்ப நலத்தையும் இங்கு நோக்குதல் வேண்டும். வேனில் விடுமுறையில் பள்ளி மூடிக்கிடக்கும்; தாயோ வேலைக்களத்தில். சிவகாசி வட்டாரக் குழந்தை உழைப்புப்பற்றி உச்ச நயன்மன்றம் 1996-இல் தீர்ப்புரைத்தது. அதன்பின் நிலை பெரிதும் திருந்தியது உண்மையே. ஆயினும் பார்த்துக்கொள்ள ஆளின்றி விடப்பட்ட பிள்ளை, வீட்டிற்கு வந்த ஒட்டு வேலையின்பால் இழுக்கப்படுவதை எச் சட்டமும் எட்டிப்பார்ப்பதில்லை. இரவிலோ கல்நார்க் கூரையின் கீழ் உறக்கமில்லை. உறங்காத கண்ணோடு மறுநாள் மருந்தறைக்குச் செல்கின்றாள் தாய்.

ஆகலின் அரசையும் ஆலை உடைமையாளரையும் நாம் கேட்பன இவை: சித்திரை, வைகாசித் திங்கள்களில் விடியலில் தொடங்கி நண்பகலுக்கு முன் வேலையை முடிக்குமாறு நேரம் மாற்றப்படல் வேண்டும், அதனால் கூலி குறைதலாகாது. ஆளெண்ணிக்கை பாராது எல்லாக் களங்களிலும் குளிர்ந்த குடிநீர், வேப்ப நிழல் அல்லது கீற்றுப் பந்தல், பெண்களுக்குத் தூய ஒதுக்கிடம் அமைதல் வேண்டும். கருவுற்றோர்க்கும் புதிதாய்ச் சேர்ந்தோர்க்கும் எளிய வேலையே தரப்படல் வேண்டும். வெப்பத்திற்கு உடல் பழக ஒன்றிரண்டு கிழமைகள் ஆகும். விடுமுறைக் காலத்தில் சிற்றூர்தோறும் பிள்ளைகளுக்கு உணவோடு கூடிய காப்பிடம் வேண்டும். ஒவ்வொரு மருந்துக் கலத்தின்மேலும் ஒவ்வோர் அறைச் சுவரிலும் எச்சரிக்கை, பெரிய எழுத்தில், தமிழில் இருத்தல் வேண்டும்.

அன்பர்களே, கேட்பது மட்டும் நம் கடமையன்று. அவ் வட்டாரத்துத் தோழர்கள் இவ் வேனிலிலேயே தெருமுனைகளில் தண்ணீர்ப் பந்தல் அமையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் என்பதைச் சொல்லுங்கள். கூழும் மோரும் நீராகாரமும் விலைகொடுத்து வாங்கும் வண்ணநீரினும் மேலானவை என்பதைச் சொல்லுங்கள். ஓர் இலிட்டர் தூயநீரில் ஆறு தேக்கரண்டி சருக்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிக் கரைத்த நீர் உயிர் காக்கும் என்பதைச் சொல்லுங்கள். ஒருவர் அறிவு தடுமாறி வீழ்ந்தால் நிழலுக்குக் கொண்டு சென்று, உடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறி, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றலாகாது. இவற்றைத் தமிழில் எழுதி வீடுதோறும் கொடுங்கள்.

இந் நாட்டுக்குத் 'தமிழ்நாடு' என்ற பெயர் வேண்டுமென்று 1956-இல் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார் சங்கரலிங்கனார். அவர் நோன்பிருந்த மண்ணின் மகளிர், விரும்பியேற்ற நோன்பாக அன்றி, கூலிக்கு அஞ்சி நீருண்ணா நோன்பு நோற்கின்றனர். பெயர் பெற்றுத் தந்தவர்க்கு நாம் செலுத்தும் நன்றி, அப் பெயருக்குரிய மக்களை வாழ வைப்பதே. வெயிலை முதலாக்கி வாழும் ஊர் வெயிலுக்கு இரையாதலாகாது. அடுத்த கத்தரிக்குள் ஒரு சிற்றூரிலேனும், நண்பகலில் கூலியோடு இளைப்பாறும் ஒரு தாயைக் காண்போம். அதற்கு இன்றே எழுவோம்!