கொதிக்க வைத்தால் போதுமா? குக்கரில் கருவிகளை அடுக்கும் முறை

“20 வெள்ளாடுகள் வளர்க்கிறோம். குட்டி போட்டதும் தொப்புள்கொடியைக் கட்டி வெட்ட நூல், கத்தரிக்கோல், இடுக்கி வைத்திருக்கிறோம். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் போதுமா? ஆஸ்பத்திரியில் செய்வதுபோல் ஆவியில் வைக்க வீட்டு குக்கர் உதவுமா?”
- வாசகி ஒருவர், உசிலம்பட்டி வட்டாரம்.

கொதிக்க வைத்தால் போதாது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரண ஜன்னிக் கிருமி, விதைபோல ஓடு கட்டிக்கொண்டு உறங்கும். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரை அது தாங்கிவிடும். வெட்டிய தொப்புள் வழியே உள்ளே போனால் குட்டிக்குத் தாடை இறுகும், கால்கள் விறைக்கும், பால் குடிக்க முடியாது. பெரும்பாலும் பிழைக்காது.

அந்த ஓட்டை உடைக்க 121 டிகிரி ஈர ஆவி வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் அது கிடைக்கும். காளான் வித்து தயாரிப்பவர்களுக்குப் பழகிய கணக்குதான். நம் ஊர் வெயிட் போட்ட குக்கர்களும் ஏறக்குறைய இதே அழுத்தத்தில்தான் விசிலடிக்கின்றன. ஆகவே உதவும். ஆனால், எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆவி தொடாத இடத்தில் கிருமி சாகாது.

அரவிந்த் கண் மருத்துவமனையில் செய்த 42,426 கண்புரை அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. கண்ணுக்குள் கிருமித்தொற்று கண்டது 38 பேருக்குத்தான். கிருமி நீக்குவதில் எல்லோரும் ஒரே ஒழுங்கைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்ததும் அதற்கு ஒரு காரணம். கொட்டிலுக்கும் அந்தப் பிடிவாதம் கொஞ்சம் வேண்டும்.

கருவியைப் பயன்படுத்திய கையோடு பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பு போட்டு, பழைய பல் பிரஷால் கத்தரியின் மூட்டுக்குள் தேயுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால் அதன் அடியில் ஆவி போகாது. ஈரம் துடைத்து, கத்தரியையும் இடுக்கியையும் வாய் திறந்தபடியே வைத்து, துவைத்த பருத்தித் துணியில் இரண்டு சுற்றாகத் தளர்வாக மடியுங்கள். நூலைத் தனிப் பொட்டலமாக்குங்கள். பிளாஸ்டிக் பை, மூடிய டப்பா இரண்டும் கூடாது.

பெரிய குக்கரில் முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலே நிற்கும்படி உயரமான ஸ்டாண்டில் துளைத் தட்டை வையுங்கள். பொட்டலங்களைப் புத்தகம் நிறுத்துவதுபோல் நிமிர்த்தி, இடையே விரல் நுழையும் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்க வேண்டாம். பக்கச் சுவரிலோ மூடியிலோ துணி உரசக் கூடாது, ஆவித் துளையை அடைக்கக் கூடாது. கொஞ்சம் போட்டு இரண்டு தடவை வைப்பதே மேல்.

மூடியதும் வெயிட் போடாதீர்கள். ஆவி பலமாக வர ஆரம்பித்த பிறகும் 5 நிமிடம் விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் விசில் வரும், சூடு வராது. பலரும் தவறவிடும் இடம் இதுதான். அதன்பின் துணியால் பிடித்து வெயிட் போட்டு, முதல் விசிலுக்குப் பிறகு தணலைக் குறைத்து 30 நிமிடம் கணக்கு வையுங்கள். விசிலை எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். கொடைக்கானல் போன்ற மலையில் காற்றழுத்தம் குறைவு, நேரத்தைக் கூட்ட வேண்டும்.

ஆவி தானாக அடங்கட்டும். பிறகு மூடியைச் சற்றே விலக்கி, பொட்டலம் காயும்வரை அப்படியே விடுங்கள். சூடாக எடுத்துக் கல்மேடையில் வைத்தால் அடியில் வியர்த்து நனையும். நனைந்த துணி வழியே கிருமி உள்ளே ஏறும் என்பதால், ஈரப் பொட்டலத்தைச் சேமிக்காமல் மறுபடி வையுங்கள். காய்ந்ததன் மேல் தேதி எழுதி, தூசி படாத இடத்தில் வையுங்கள். அந்த குக்கரைச் சமையலுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

பிளாஸ்டிக் ஊசி, சிரிஞ்சை இப்படி வைத்து மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒரு தடவைக்குத்தான் அவை. தொப்புளை வயிற்றிலிருந்து 2 அங்குலம் விட்டுக் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, முனையை டிங்சர் அயோடினில் முக்கி எடுங்கள். குட்டி மாறி நின்று ஆடு திணறினால் கருவியைத் தொடாமல் 1962 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.