வால்வைக் கழற்றி எறிந்தவர்களுக்கு

பழைய ஜீப் வைத்திருப்போரிடையே ஓர் அறிவுரை நெடுங்காலமாக உலவி வருகிறது: எஞ்சின் சூடானால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடு. திருவனந்தபுரத்துப் பட்டறைகளில் அது மலையாளத்தில் சொல்லப்படுகிறது. களியக்காவிளையைக் கடந்தால் தமிழில் சொல்லப்படுகிறது. மொழி மாறுகிறதே தவிர, சொல்பவரின் உறுதி மாறுவதில்லை. அந்த அறிவுரை பிழையானது, ஆபத்தானதும்கூட என்பதே இப்பதிவின் வாதம். ஜீப் இல்லாதவர்களும் பொறுமையுடன் படிக்கலாம். அன்றாடம் புழங்கும் ஒரு சொல் நம் சிந்தனையை எங்கே தடுத்து நிறுத்துகிறது என்பதும் இதில் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது, வேறொருவரிடம் பல்லாண்டு ஓடிய பின் அப்பா வாங்கிய மகிந்திரா எம்எம்540. 1947இல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கிய நிறுவனம், பிற்காலத்தில் பெஜோவின் 2,112 சிசி டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்ற வண்டி அது. சென்ற ஆண்டு வெயில் காலத்தில் வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியது. வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த ஆசான் குமரி மாவட்டத்துக்காரர். வால்வைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "மக்களே, நம்ம ஊரு என்ன காஷ்மீரா? வெள்ளம் தாராளமா ஓடட்டும். இத எடையில வச்சு அடைக்கது எதுக்கு?" என்றார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். முள் பாதிக்கும் கீழே நின்றது. அனைவருக்கும் மகிழ்ச்சி.

மூன்று வாரம் கழித்துப் பொன்முடிக்குப் புறப்பட்டோம். கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். வண்டியில் ஆறு பேர். பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் பானெட்டின் ஓரங்களிலிருந்து நீராவி கிளம்பியது. நாற்பது ஆண்டுகள் வண்டி ஓட்டிய சித்தப்பா, ஈரத் துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். அவருடைய வலக்கையில் முழங்கைக்குக் கீழே இன்றும் இருக்கும் தழும்பு அந்த நொடியில் விழுந்தது.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றி அதற்கென உள்ள கடையில் கொடுத்தோம். மேல்தொட்டியைப் பிரித்தபோது குழாய்களில் ஏறத்தாழ பாதி, உப்பும் துருவும் படிந்து அடைந்து கிடந்தன. விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய கூட்டை எவரோ எக்காலத்திலோ கழற்றியிருந்தனர்; அது இருந்ததென்றே எங்களுக்குத் தெரியாது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. எல்லோரும் குற்றம் சாட்டிய வால்வை மட்டும் வீட்டில் ஒரு பாத்திரத்து நீரில் போட்டு அடுப்பில் வைத்தேன். நீர் கொதிக்குமுன்பே அது ஒழுங்காகத் திறந்தது. ஆறியதும் ஒழுங்காக மூடிக்கொண்டது. குற்றவாளிகள் மூவரும் வண்டியிலேயே இருந்தனர். நிரபராதியை நாங்கள் வெளியேற்றியிருந்தோம்.

அந்த வால்வு செய்வது என்ன? டீசல் எரிந்து வெளிவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை ஓட்டும் வேலையாகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சிய பங்கை நீர் சுமந்து ரேடியேட்டரில் இறக்க வேண்டும். எஞ்சின் தக்க வெப்பத்தை அடையும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவைப்பது வால்வின் பணி. பெரும்பாலான எஞ்சின்களில் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி அதிலுள்ள மெழுகு உருகி விரியும், வால்வு திறக்கும், மேலும் சில டிகிரி ஏறினால் முழுவதும் திறந்துவிடும். முழுவதும் திறந்த வால்வு, கொதிக்கப் போகும் எஞ்சினுக்கு எந்தத் தடையும் செய்வதில்லை. ஆகவே நல்ல நிலையிலுள்ள வால்வைக் கழற்றுவதால் மலையேறும் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம்.

இழப்போ சொற்பமன்று. பல எஞ்சின்களில் வால்வு திறக்கும்போதே அதன் மறுமுனை, எஞ்சினுக்குள் சுற்றும் குறுக்கு வழியை மூடுகிறது. அத்தகைய வால்வைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். குளிர்விக்கச் செய்த வேலை, ஏற்றத்தில் வெப்பத்தைக் கூட்டும். சமவெளியிலோ நேர்மாறு: எஞ்சின் தன் வெப்பநிலையை எட்டுவதே இல்லை. டீசல் முழுவதும் எரியாமல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவுகிறது, எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது, ஈரம் உள்ளே தங்குகிறது, உலோகம் தேய்கிறது. புறவழிச் சாலையில் முள் கீழே நின்றதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோமே, அது குணமடைந்ததன் அடையாளம் அன்று. அடைபட்ட ரேடியேட்டர் ஏற்றம் வரும்வரை தன்னை மறைத்துக்கொள்ள நாங்கள் கொடுத்த திரை அது.

வால்வை ஆதரிப்போரும் ஒரு பிழையான வாதத்தைச் சொல்வதுண்டு: வால்வு இல்லாவிட்டால் நீர் மிக விரைவாக ஓடும், ரேடியேட்டரில் ஆற நேரம் இராது என்பது. இது சரியன்று. நீர் விரைந்து ஓடினால் வெப்பம் கூடுதலாகவே வெளியேறும். நம் தரப்பு வாதம் என்பதற்காகப் பிழையைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன காரணங்களே போதும்.

இனி என் துறைக்கு வருகிறேன். 'வண்டி சூடாகிறது' என்கிறோம்; மலையாளத்திலும் இதே சூடுதான். இலக்கணப்படி இது தன்வினை. 'ஆகிறது' என்று சொல்லிவிட்டால் ஆக்கியவர் எவரும் வாக்கியத்தில் இல்லை. நீர் கசிந்ததா, குழாய் அடைந்ததா, காற்று போகவில்லையா, சுமை மிகுந்ததா என்ற நான்கு வெவ்வேறு வினாக்களும் அந்த ஒரு வினைக்குள் கரைந்துவிடுகின்றன. காரணங்கள் மறைந்ததும் எஞ்சியிருப்பது சூடு ஒன்றே. சூட்டுக்கு மருந்து குளிர்ச்சி. உடம்புச் சூட்டுக்கு எண்ணெய் முழுக்கும் இளநீரும் சொல்லிப் பழகிய நாக்கு, எஞ்சினுக்கும் 'வெள்ளம் தாராளமா ஓடட்டும்' என்று சொல்லிவிடுகிறது. பட்டறையில் நாம் கேட்க வேண்டியது பிறவினையில் அமைந்த கேள்வி: சூடாக்குவது எது?

உடலை உவமை காட்டுவதையும் நான் மறுக்கவில்லை. அரைகுறையாகக் காட்டுவதைத்தான் மறுக்கிறேன். காய்ச்சல் கண்டவரின் உடல் 37 டிகிரிக்குத் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறோம். 30 டிகிரிக்கு இறங்க வேண்டும் என்று எவரும் விரும்புவதில்லை. எஞ்சினும் அவ்வாறே. தெர்மோஸ்டாட் என்னும் சொல்லின் பிற்பகுதி, நிற்பது என்னும் பொருளுடைய கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. தமிழில் வெப்பநிலைநிறுத்தி எனலாம். பட்டறையிலோ அதன் முற்பகுதி உதிர்ந்து 'வால்வு' மட்டும் எஞ்சியது. வால்வு என்றதும் அடைப்பது என்ற பொருளே மனத்தில் எழுகிறது. அடைப்பதை எடுத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றுவது இயல்பு. காஷ்மீரா என்று கேட்ட ஆசானும் இந்த வலையில் விழுந்தவரே. காஷ்மீரில் வால்வு திறக்க நேரமாகும். இங்கே விரைவில் திறக்கும். ஊருக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவியை, ஊரைக் காரணம் காட்டி எறிவதில் பொருளில்லை.

எவரும் குற்றம் சாட்டாத மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி முன்னதாகவே கொதிக்கிறது. பொன்முடியில் அது சுமார் 96 டிகிரி. இதை ஈடுசெய்வதுதான் மூடியிலுள்ள வில்லும் ரப்பரும். மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்குவதாக இருந்தால், கடல் மட்டத்தில் கொதிநிலை ஏறத்தாழ 119 டிகிரிக்கு உயரும். குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்தால் பருப்பு வேகாது என்பது நம் வீடுகளில் அனைவருக்கும் தெரியும். ரேடியேட்டர் மூடியும் அதே விதிக்கு உட்பட்டது. வெடித்த வளையம் மலைமேல் எங்களுக்கு இருந்த பாதுகாப்பைக் குறைத்தது. அடைபட்ட குழாய்கள் மீதத்தைச் செய்தன. மீந்திருந்த அழுத்தமே சித்தப்பாவின் கையைச் சுட்டது: அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் ஒருசேர ஆவியாகிப் பீறிடும். எஞ்சின் ஆறாமல் மூடியைத் தொடக் கூடாது. ஆறுமுன் குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது. சூடேறிய வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

நீரைப் பற்றி ஒரு சொல். வழியில் கண்ட ஓடை நீரையும் வீட்டுப் போர் நீரையும் ஊற்றிக்கொண்டே வந்ததன் பலன்தான் எங்கள் ரேடியேட்டரில் கண்ட படிவு. கூலன்ட் விற்பவர்களின் மிகைக்கூற்றையும் நான் ஏற்கவில்லை. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் நீரே அதனினும் வல்லது. எனினும் வெறும் நீர் துருவைத் தடுக்காது. நம் வெப்ப நாட்டில் கூலன்ட்டின் முதற்பயன் துருத் தடுப்பே. அதைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றினால் குழாய்கள் பிழைக்கும்.

'முப்பது ஆண்டுகளாக வால்வு இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதப் போகும் அன்பர்களுக்கு என் மறுமொழி: நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்கள், அதனால் தப்பித்தீர்கள். இதை நான் சூரியநெல்லியில் கற்றேன். இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து, தேனி மாவட்ட எல்லையிலுள்ள கொழுக்குமலைக்கு, சூரிய உதயம் காணச் செல்வோரை ஜீப்புகள் ஏற்றிச் செல்கின்றன. கல்லும் பள்ளமுமான பாதை. மேலே சுமார் 2,400 மீட்டர். அங்கே நீரின் கொதிநிலை 92 டிகிரி அளவே. எங்களை ஏற்றிச்சென்ற ஓட்டுநர் ஏற்றம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றிக்கொண்டார். "வண்டிய முக்க விடக் கூடாதும்மா. முக்குனா சூடு ஏறும்" என்றார். விசிறியையும் நீர்ப் பம்பையும் எஞ்சினே சுழற்றுகிறது. பெரிய கியரில் எஞ்சின் மெதுவாகச் சுழன்று திணறும்போது சுமை கூடுகிறது, காற்றும் நீரோட்டமும் குறைகின்றன. இவ்வளவையும் 'முக்குதல்' என்ற ஒரு தமிழ் வினைக்குள் அவர் வைத்திருந்தார். மேலே சென்றதும் எஞ்சினை உடனே நிறுத்தவில்லை. சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டார். 'சூடாகிறது' என்ற சொல் காரணத்தை மறைக்கிறது. 'முக்குகிறது' என்ற சொல் காரணத்தைக் காட்டுகிறது. மக்கள் வழக்கை முழுவதும் பழிப்பவர்களோடும் முழுவதும் போற்றுபவர்களோடும் என்னால் உடன்பட முடியாததற்கு இதுவே காரணம்.

ஆசானை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. வால்வைக் கழற்ற அரை மணி நேரம், செலவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி, பிரித்து, கம்பி விட்டுக் குழாய்களைத் துலக்கிப் பற்றவைக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். மாலைக்குள் வண்டி வேண்டும், செலவு குறைய வேண்டும் என்று நின்றவர்கள் நாங்கள். அவர் எங்களுக்கு வேண்டியதைக் கொடுத்தார். முகப்புக் கிரில்லின் முன்னே நான்கு விளக்குகளைக் கட்டிக் காற்றை மறித்துவிட்டு, எஞ்சின் சூடாகிறதென்று புலம்பும் வண்டிப் பிரியர்களும் இதே வகையினரே.

உண்மையிலேயே மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட வால்வும் உண்டு. மலை நடுவே அது நேர்ந்தால், எஞ்சின் ஆறிய பின் கழற்றிவிட்டு வீடு வந்து சேர்வதே அறிவு. ஊர் வந்ததும் புதியதைப் பொருத்திவிட வேண்டும். மற்ற நேரங்களில் வரிசை இதுதான்: குளிர்ந்த எஞ்சினில் நீர் மட்டம், கசிவு, மூடியின் ரப்பர், விசிறி பெல்ட்டின் இறுக்கம், விசிறிக் கூடு, ரேடியேட்டரின் வெளிச்சேறு, உட்படிவு. வால்வின் முறை அதன் பிறகு வரும். அதையும் வெந்நீரில் சோதித்த பின்னரே தண்டிக்கலாம். முள்ளை மட்டும் நம்பவும் வேண்டாம். நீர் வற்றி உணர்கருவி வெளியே நின்றுவிட்டால், எஞ்சின் வேகும்போதும் முள் அமைதியாக இருக்கும்.

அந்தப் பழைய வால்வு இப்போது மீண்டும் வண்டியில் இருக்கிறது. சென்ற மாதம் பொன்முடிக்குப் போனோம், சித்தப்பாவும் வந்தார். 22 வளைவுகளையும் சிறிய கியரில் ஏறினோம். மேலே சென்றதும் வண்டியைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். சித்தப்பா பானெட்டின் பக்கம் போகவே இல்லை.