முடிந்தது என்றார்கள்... முடியவில்லை!

சுட்டிகளே! கணக்கைப் போட்டு முடித்து நோட்டை மூடியதும், "ஒரு தடவை சரிபார்த்தாயா?" என்று டீச்சர் கேட்பார் இல்லையா? நமக்கோ அலுப்பாக இருக்கும். ஆனால், விஞ்ஞானிகளின் வேலையே அதுதான்! 'முடிந்துவிட்டது', 'முடியவே முடியாது' என்று பலர் நினைத்த மூன்று விஷயங்களைச் சமீப ஆண்டுகளில் மறுபடியும் பார்த்தார்கள். மூன்றிலும் ஆச்சரியம் காத்திருந்தது.

அதிசயத் தொப்பி

உங்கள் வீட்டுத் தரையில் சதுர டைல்ஸ் இருக்கிறதா? அதன் படத்தைக் கண்ணாடித் தாளில் வரைந்து, ஒரு டைல் தூரம் நகர்த்துங்கள். அப்படியே பொருந்தும். எப்படி அடுக்கினாலும் இதுபோலப் பொருந்தாத, ஆனால் இடைவெளியே இல்லாமல் தரையை நிரப்புகிற டைல்ஸ் உண்டா?

உண்டு என்று 1960-களில் நிரூபித்தார் ராபர்ட் பெர்ஜர். ஆனால், அதற்கு 20,426 வடிவங்கள் தேவைப்பட்டன! ரோஜர் பென்ரோஸ் 1970-களில் அதை இரண்டே வடிவங்களாகக் குறைத்தார். ஒரே வடிவத்தால் முடியுமா? சுமார் 50 ஆண்டுகள் யாருக்கும் விடை தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் பேராசிரியர் அல்ல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வசிக்கும் டேவிட் ஸ்மித், அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். 2022-ல் அட்டையை வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்தபோது, 13 பக்கங்கள் கொண்ட தொப்பி போன்ற ஒரு வடிவம் அவரிடம் சிக்கியது. மூன்று நிபுணர்களோடு சேர்ந்து 2023 மார்ச்சில் அதற்கு நிரூபணம் தந்தார். "சில தொப்பிகளைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறதே, அது இரண்டு வடிவம் ஆகாதா?" என்று சிலர் கேட்டார்கள். இரண்டே மாதத்தில், திருப்பவே தேவையில்லாத இன்னொரு வடிவத்தோடு வந்து நின்றார்கள் அதே நால்வர்!

விடுபட்ட பக்கங்கள்

நம் உடல் எப்படி உருவாக வேண்டும் என்ற குறிப்பு, கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. நான்கே எழுத்துகளால் ஆன, சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம் அது. பெயர் ஜீனோம். 'படித்து முடித்துவிட்டோம்' என்று 2003-ல் உலகமே கொண்டாடியது. ஆனால், சுமார் 8 சதவீதம் விடுபட்டிருந்தது!

ஏன்? பழைய கருவிகள் புத்தகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் படிக்கும். படப் புதிரில் நீல வானம் மட்டும் உள்ள துண்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்போமே, அதே கதைதான். ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் குழப்பம். நீளமான துண்டுகளைப் படிக்கும் கருவிகள் வந்த பிறகு, 2022-ல் அந்த இடங்கள் நிரம்பின. எஞ்சியிருந்த ஒய் குரோமோசோமும் 2023-ல் முழுமையானது.

இன்னொரு கேள்வி: அது யாருடைய புத்தகம்? பழைய பிரதியின் பெரும்பகுதி ஒரே மனிதருடையது! ஒரு நோயாளியின் ஜீனில் மாற்றம் தெரிந்தால், அது நோயா, அல்லது அவர் ஊர்க்காரர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். எல்லா மக்களின் பிரதியும் இருந்தால்தானே ஒப்பிட முடியும்? அதனால், 2023-ல் 47 பேரின் ஜீனோம்களைச் சேர்த்துப் புதிய தொகுப்பு வெளியிட்டார்கள். இந்தியாவும் 10,000 பேரின் ஜீனோம் விவரங்களை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது.

காற்றில் பிடிபட்ட திருட்டு

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் இருந்து நம் தோலையும் கண்ணையும் காப்பது ஓசோன் படலம். ஃபிரிட்ஜ், ஸ்ப்ரே, ஃபோம் ஆகியவற்றுக்குப் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்கள் அதை அரிப்பது தெரிந்ததும், 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டார்கள். 2010-க்குள் உலகம் முழுவதும் சி.எஃப்.சி.-11 தயாரிப்பு நின்றிருக்க வேண்டும்.

ஆனால், அந்த வாயு எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை. 'யாரோ ரகசியமாகத் தயாரிக்கிறார்கள்' என்று 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சந்தேகம் எழுப்பினார்கள். இத்தனைக்கும் காற்றின் ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகளில் 250-க்கும் குறைவாகவே இருக்கும் வாயு அது! தென்கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானிலும் அளந்த காற்றையும், அது வீசிய திசையையும் வைத்து, அதிகரிப்பில் பாதியளவு கிழக்குச் சீனாவில் இருந்து வருவதாக 2019-ல் கண்டுபிடித்தார்கள். சீனா நடவடிக்கை எடுத்தது. 2019-லேயே அந்த வாயு வெளியேறுவது வெகுவாகக் குறைந்துவிட்டதை 2021-ல் வெளியான ஆய்வுகள் காட்டின.

பார்த்தீர்களா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடியவில்லை. தினமும் காற்றை அளந்து குறித்து வைத்தவர்கள் இருந்ததால்தான் திருட்டு பிடிபட்டது. அளப்பதை நிறுத்தியிருந்தால், ஓசோன் அரிக்கப்படுவது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இப்படியே கவனமாக இருந்தால், அன்டார்டிகா மேலுள்ள ஓசோன் ஓட்டை 2066 வாக்கில் சரியாகும் என்கிறது 2023-ல் வெளியான ஐ.நா. அறிக்கை. அப்போது உங்களுக்கு ஏறக்குறைய 50 வயது ஆகியிருக்கும். அதுவரை காற்றை அளக்கும் வேலையை யாராவது தொடர வேண்டுமே! அந்த வேலைக்கு உங்களில் யார் யார் ரெடி, சுட்டிகளே?