ஓவியர்க்குக் கை தமிழ், வாய் ஆங்கிலமா?

சென்ற ஆனித் திங்களில் ஒரு மாலைப்பொழுது, என் பழைய மாணவி ஒருத்தி ஊரப்பாக்கத்தில் உள்ள என் வீட்டிற்கு ஒரு வேண்டுகைப் படிவத்துடன் வந்தாள். ஓவியத்தில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் பெற்றவள். மேற்கொண்டு முதுகலை பயில விரும்புகிறாள். தான் எழுதிய ஓவியங்களுள் இருபதின் ஒளிப்படங்களையும், ஆசிரியர் இருவரின் பரிந்துரை மடல்களையும், தன் ஓவியம் எத்தகையது, இனித் தான் செய்யவிருப்பது என்ன என்று தானே ஐந்நூறு சொல்லில் எழுதும் விளக்கவுரையையும் படிவம் கேட்டிருந்தது. விளக்கவுரைக்குக் கீழே 'ஆங்கிலத்தில் மட்டும்' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தனர். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. அது தமிழ்மண்ணில்தான் உள்ளது என்பது போதும்.

"ஆங்கிலத்தில் எழுதுவதற்குத் தமிழாசிரியனிடம் வருவானேன் அம்மா?" என்று கேட்டேன்.

"ஆங்கிலத்தில் மாற்றித் தருவதற்கு எங்கள் தெருவிலேயே ஓர் அண்ணன் இருக்கிறார், ஐயா. ஆனால் என்ன சொல்வது என்பதே எனக்குத் தமிழில் வரவில்லை. நீங்கள் தமிழில் எழுதித் தந்தால் அவர் மாற்றிக் கொடுப்பார்" என்றாள்.

இவ்விடை என்னை இன்றுவரை உறங்கவிடவில்லை. படிவத்தின் மீது மட்டும் சினங்கொண்டு, 'ஆங்கில வல்லாண்மை ஒழிக' என்று நான்கு வரி எழுதிவிட்டு ஓய்ந்துவிடலாம் என்றால், அவள் விடை அதற்கு இடந்தரவில்லை. எனினும் முதற்கண் படிவத்தின் செய்தியையே எடுத்துக்கொள்வோம்.

ஓவியம் கண்ணுக்குரியது. இருபது படங்களைக் கண்ட அறிஞர் குழு, எழுதியவளின் கைத்திறனை மொழியில்லாமலே அறிந்துகொள்ளும். பின் விளக்கவுரை எதற்கு? எண்ணி எழுதினாளா, எதனை நாடி எழுதினாள் என்று அறிவதற்கு என்பர். ஏற்றுக்கொள்கிறேன், அது முறையான கேள்வியே. ஆனால் எண்ணம் எம்மொழியில் எழுந்ததோ அம்மொழியில் அன்றோ அதனைக் கேட்டறிதல் வேண்டும்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இத்தகைய உரையைக் கேட்கின்றன. அவர்கள் தம் மொழியில் கேட்கின்றனர். நாமோ நம் வீட்டுப் பிள்ளையை அயலான் மொழியில் 'நீ யார்?' என்று வினவுகிறோம். 1956இல் தமிழ் ஆட்சிமொழி என்று சட்டம் செய்தோம். அரசுப் பணியில் தமிழ்வழி பயின்றார்க்கு நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமை என்று 2010இல் சட்டம் செய்தோம். வேலைக்குத் தமிழ் தகுதியாயிற்று. ஓவியம் கற்பதற்கு மட்டும் அது தகுதிக்குறைவோ?

இதனை ஒரு நிறுவனத்தின் குற்றமாக நான் கூறவில்லை. கலைக்கல்வி இங்கு வந்த வழியே அத்தகையது. சென்னையில் 1850இல் ஓவியப்பள்ளியைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் அண்டர் என்னும் வெள்ளை மருத்துவர். இரண்டாண்டில் அதனை அரசு எடுத்துக்கொண்டது. அணிகலன், மரவேலை, மாழைவேலை என்று ஆள்வோர்க்கு வேண்டிய பொருள்களைச் செய்யும் கைகளை ஆக்குவதே அதன் முதல் நோக்கம்; வாய் எதற்கு? முதல் இந்தியத் தலைவராகத் தேவிபிரசாது இராய் சௌதுரி என்னும் வங்காளியார் 1929இல் வந்தார். கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை அவர் செய்ததே. அவர்க்குப்பின் கே.சி.எசு. பணிக்கர் வந்தார். பின்னர்த் தனபால் என்னும் தமிழர் அவ்விருக்கையில் அமர்ந்தார். பெரியாரின் உருவை வடித்த கைகள் அவருடையவை. இவ்வளவு மாறியும் கலைக்கல்வியின் ஏட்டுமொழி மாறவில்லை.

வங்காளத்தைப் பாருங்கள். அவனீந்திரநாத தாகூர் என்னும் பேரோவியர், 1921 முதல் 1929 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கலை பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் வங்கமொழியில் அமைந்தவை. வெள்ளையன் ஆண்ட காலத்தில், அவன் நிறுவிய பல்கலைக்கழகத்திலேயே அது நிகழ்ந்தது. சாந்திநிகேதனில் 1919இல் கலாபவனம் தோன்றியது. அங்கே பயின்று அங்கேயே கற்பித்த வினோதபிகாரி முகர்சி, தம் கண்ணொளி முற்றும் இழந்தபின் தம் ஓவிய வாழ்வை வங்கமொழியில் நூலாக்கினார். கண் போனபின்னும் அவர்க்குத் தாய்மொழி துணைநின்றது. நம் ஓவியர்க்கோ கண் இருக்கிறது, கை இருக்கிறது. அவற்றின் பட்டறிவைச் சொல்லத் தமிழ் எங்கே என்று தேடும் நிலை.

தமிழில் சொல் இல்லையா? நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' என்கிறது. வண்ணம் தீட்டாது கோட்டால் மட்டும் ஆக்கிய உருவம் அது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. காண்பார் கண்ணுக்குள் நின்று தொழில் செய்பவர் என்று விரித்துப் பாருங்கள், எத்துணை ஆழம்! பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டிலோ, திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் மக்கள் கூடி நின்று, 'இவர் யார், இஃது என்ன' என்று வினவுவாரும், சுட்டிக்காட்டி விடை சொல்வாருமாக இருக்கின்றனர். கலைக்கூடத்தில் நிகழும் உரையாடல் அன்றி அது வேறென்ன? எழுத்துக்கும் ஓவியத்துக்கும் 'எழுதுதல்' என்னும் ஒரே வினையைப் பயன்படுத்திய இனம் இது.

இவற்றையெல்லாம் முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு உரியவையாக மட்டும் சொல்லிவந்தேன் என்பதைத்தான் அந்தப் பெண்ணின் படிவம் எனக்குக் காட்டியது.

அன்று இரவே விளக்கவுரையை எழுதிமுடித்தேன். அவள் குறிப்புத்தாளில் 'தூரிகை' என்றிருந்ததை, மணிமேகலையில் வரும் 'வட்டிகை' ஆக்கினேன். 'கித்தான்' என்றதை 'ஓவியத்துகில்' ஆக்கினேன். 'லேயர்' என்றிருந்த இடமெல்லாம் 'படலம்' என்று திருத்தினேன். பல்லவன் மகேந்திரனின் ஓவியப்புலமையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். நடை எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் அவள் அதனை இருமுறை படித்தாள். "தமிழ் நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் இதில் என் படம் இல்லை" என்றாள்.

எப்படி இருக்கும்? அவள் எழுதிய ஓவியங்களுள் ஒன்றையேனும் நான் கண்டதில்லை! காணவேண்டும் என்று தோன்றவும் இல்லை. சொல்லைத் திருத்தினால் பொருள் தானே வந்து அமரும் என்று நம்பும் நோய் நம்முள் பலர்க்கு உண்டு. 'சித்திரம்' வடசொல்லா தென்சொல்லா என்று நண்பர் ஒருவரோடு ஓராண்டுக் காலம் மடல்வழி வாதிட்டவன் நான். அவ்வோராண்டில் நாங்கள் இருவரும் ஓர் ஓவியத்தையும் சென்று பார்த்ததாக நினைவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். அவள் தந்தை, கடைப்பலகையும் சுவரும் எழுதிப் பிழைத்தவர். பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை பெருஞ்சாலைச் சுவர்களில் ஒரு காலத்தில் அவர் கை படாத இடம் குறைவு. நம் இயக்கத்தின் சுவரெழுத்துகளையும் அவரே எழுதியிருக்கிறார்; 'றகரக் கொம்பு சரியாக வளையவில்லை' என்று நானே அவரை ஒருமுறை கடிந்ததுண்டாம். நெகிழிப் பதாகை வந்தபின் தொழில் போயிற்று. முதலில் திரைப்படத்தார் மாறினர், பின் கடைக்காரர், பின் நாமும் மாறினோம். தமிழ் வாழ்க என்பதைத் தமிழன் கையால் எழுதாமல் பொறியில் அடித்துத் தொங்கவிடலாயினோம். நான் தலைகுனிந்தே அமர்ந்திருந்தேன். அவர் அதனைப் பொருட்படுத்தாமல், தேநீர் கொடுத்துவிட்டு மகளின் படங்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

எல்லாம் சுவர்கள். சுண்ணாம்பு அடித்த சுவர். அதன்மேல் கட்சி எழுத்து. அதன்மேல் மீண்டும் சுண்ணாம்பு. அதன்மேல் வீட்டுமனை விளம்பரம். மழையில் மேற்பூச்சு கரைய, அடியிலிருக்கும் பழைய எழுத்துகள் மங்கலாக மேலெழுகின்றன. எந்தச் சொல்லும் முழுமையாக இல்லை. ஒரு படத்தில் 'ஏரி' என்னும் சொல்லின் ஏகாரம் மட்டும் மனைவிலைக்கு நடுவே தெரிகிறது. நெடுநேரம் அதன் முன்னிருந்து எழ முடியவில்லை.

"இதனை என்னவென்று சொல்வீர்கள், தம்பி?" என்று தந்தையைக் கேட்டேன். "எழுத்து ஊறி வருது, ஐயா. எத்தனை பூச்சு அடித்தாலும் நல்ல கறுப்பு ஊறி வந்துவிடும்" என்றார். மகள் தன் படிவத்திற்கென்று தேடிய சொல் அதுவே. நான் 'படலம்' என்று எழுதிக் கொன்ற இடமும் அதுவே. 'ஊறுதல்' என்பதினும் தூய தமிழ் எந்த நிகண்டில் இருக்கிறது?

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சூழ்ந்த இருள்வழிக்குள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு.கே. கோவிந்தசாமி 1931இல் சென்று பார்த்தபோது, நாயக்கர் காலப் பூச்சு பெயர்ந்த இடத்தில் சோழர் ஓவியம் அடியில் தெரிந்தது. பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைப் பக்குவமாகப் பிரித்தெடுத்தனர். இச்செய்தியை அவளுக்குச் சொன்னேன். அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை. 'ஆயிரம் ஆண்டாக ஊறி வந்திருக்கிறது' என்று தந்தை சொன்னார். பண்டிதனால் ஓவியர்க்கு ஆகக்கூடிய பயன் இதுதான் என்று அப்போது உணர்ந்தேன். அவர்கள் சொல்லை அவர்களிடமே விட்டுவிட்டு, அதற்கு முன்னோரைக் காட்டுவது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கீராம்பூரிலிருந்து வந்து கோட்டோவியத்தில் தனிவழி கண்ட ஆதிமூலத்தை (1938–2008) நாடிச் சென்றவர்களும், அவர் கோடுகளைத் தம் நூலட்டையில் ஏற்றியவர்களும் நம்மைப் போன்ற புலவர்கள் அல்லர், சிற்றிதழ்க்காரர்கள். அவர்களின் கலப்புநடை எனக்கு ஒவ்வாதது, இன்றும் ஒவ்வாதது. ஆயினும் அவர்கள் ஓவியத்தைப் பார்த்தார்கள். நாம் பார்க்கவில்லை. மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரமும், மகேந்திரன் குடைந்த குகைக்கோயில் நிற்கும் பல்லாவரமும் ஒன்றே. நம் பெண் நான்காண்டுகளாக ஊரப்பாக்கத்திலிருந்து எழும்பூர் வரை நாள்தோறும் மின்தொடர்வண்டியில் அதனைக் கடந்தே சென்றிருக்கிறாள். தனித்தமிழின் வீடும் ஓவியப்புலி என்று பெயர் பூண்டவன் குகையும் ஓரூரில் இருந்தும், நமக்கு இரண்டும் இருவேறு உலகம்.

ஆகவே என் வேண்டுகோளும் இருமுகமானது. தமிழ்நாட்டரசின் கல்லூரிகளும், 2013இல் தோன்றிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும், தமிழ்மண்ணில் நடக்கும் பிற நிறுவனங்களும், ஓவியர் தம் விளக்கவுரையைத் தமிழில் எழுதவும் நேர்காணலில் தமிழில் விடையிறுக்கவும் உரிமை உண்டு என்று படிவத்திலேயே அச்சிடவேண்டும். குழுவில் தமிழறியாதார் இருந்தால் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தட்டும். அது நிறுவனத்தின் செலவு, மாணவியின் குறையன்று. பரோடாவுக்கோ சாந்திநிகேதனுக்கோ செல்வோர், ஆங்கிலம் வேண்டுமென்றால் எழுதட்டும்; ஆனால் முதலில் தமிழில் எழுதிவிட்டு எழுதட்டும். தமிழில் எழுதாத ஒன்றை ஆங்கிலத்தில் மாற்றியபோது, எல்லார் உரையும் ஒருவரே எழுதியதுபோல் இருப்பதை அவ்வண்ணன் காட்டிய நான்கைந்து படிகளில் நானே கண்டேன்.

அவள் உரையை அவளே மீண்டும் எழுதினாள். கித்தான் கித்தானாகவே இருந்தது, தூரிகையும் இருந்தது. நான் இரண்டு ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தினேன். தமிழ்ப்படியை மேலும் ஆங்கிலப்படியைக் கீழுமாக வைத்து அனுப்பியிருக்கிறாள். விடைமடல் இவ்விதழ் அச்சேறும் வரை வரவில்லை.

முதுகலைக்கு வேண்டுகை எழுதும் ஓவியப் பிள்ளைகள் தமிழுரைக்குத் துணை வேண்டுமாயின் ஞாயிறுதோறும் காலையில் ஊரப்பாக்கத்தில் என்னைக் காணலாம். படிவத்தை மட்டும் கொண்டுவர வேண்டா, ஓவியத்தையும் கொண்டுவாருங்கள்.