சரிவில் ஒரு சின்ன வீடு



எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினாலே இப்போது வட்டவடைப் பேச்சுதான். அண்ணன், அக்கா, நான், தம்பி என்று ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அங்கே ஒரு சின்ன வீடு கட்டுவதாகத் திட்டம். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஓரிடத்தில் கூடிக் கிடக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மலை வீடுகளைப் பற்றிய இந்த இதழில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக்குள் புகுந்து வெளியே வந்தால் கோவிலூர். அதை ஒட்டி வட்டவடை. கேரளத்து ஊர்தான், ஆனால் வீட்டிலும் வயலிலும் கேட்பது தமிழ். கேரட், பீன்ஸ், கோஸ், உருளை, அப்புறம் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு என்று சரிவெங்கும் படிப்படியாக வெள்ளாமை.

பழைய ஊரில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. நிலத்தை வீட்டுக்கென்று வாரி இறைக்காமல், ஒரே இடத்தில் நெருக்கிக் குடியிருந்துகொண்டு, மிச்சத்தையெல்லாம் பயிருக்கு விட்டிருக்கிறார்கள். இடம் பார்க்கப் போன எங்களை ஒரு வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். அடுப்புக்கு நேர் மேலே, விட்டத்தில், தாளோடு முடிந்த பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின. புகை படிந்து தோல் பழுப்பேறியிருந்தது. அடுத்த போகத்துக்கு விதையாம். அந்த ஒரே அடுப்புதான் சோறு பொங்குகிறது, குளிரை விரட்டுகிறது, விதையையும் காப்பாற்றுகிறது. எங்கள் வீட்டுக்கும் நடுவில் அடுப்படி, சுற்றிலும் படுக்க இடம், மேலே ஒரு பரண் போதும் என்று அண்ணன் அங்கேயே சொல்லிவிட்டார். நாலு படுக்கையறை வரைபடத்தை மடித்து வைத்துவிட்டோம்.

நிலம் வாங்குவதில் அவசரம் கூடாது. 2006-இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயத்தில் கொட்டகம்பூர் 58-ஆம் பிளாக்கும் வட்டவடை 62-ஆம் பிளாக்கும் வருகின்றன. எது பட்டா நிலம், எது சரணாலயம் என்ற சிக்கல் பல ஆண்டுகள் இழுத்தது. 1964-ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி கொடுத்த பட்டாவோ பயிர் செய்யவும் குடியிருக்கவும் கொடுக்கப்பட்டது. சர்வே எண்ணையும் பட்டாவின் வகையையும் வில்லேஜ் ஆபீசில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று இருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலே சரிவு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில், தேயிலைத் தொழிலாளர்கள் உறங்கிய லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். வீடு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த உரிமை உள்ள நாம், காட்சி நன்றாக இருக்கிறது என்பதற்காக ஜேசிபியை விட்டு மலையைச் செங்குத்தாக வெட்டி அதன் காலடியில் வீடு வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஓடையை விட்டு விலகி, இருக்கிற படிக்கட்டு வயலின் அகலத்துக்குள் அடங்கும் வீடு போதும். மேல்பக்கம் மழைத்தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால். மண்ணைத் தாங்கும் கல்கட்டில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகள்.

இடம் காட்ட வந்த பெரியவரிடம் எப்போது அளக்கலாம் என்று கேட்டோம். “ஐப்பசி மழையில ஒருதரம் வந்து பாருங்க சார். தண்ணி எங்கிட்டு இறங்குதுன்னு பாத்துட்டு அப்புறம் கயிறு புடிக்கலாம்” என்றார். அப்படியே செய்யப் போகிறோம்.

மலையில் வீடு கட்டி, சில மழைக்காலங்களைப் பார்த்துவிட்ட வாசகர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சுவரில் ஈரம் ஏறாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? கூரைக்கு ஓடா, தகரமா? ஆள் இல்லாத மாதங்களில் வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எழுதுங்கள். ஐப்பசிக்கு முன்னால் கடிதம் கிடைத்தால் எங்களுக்கும் உதவும். அடுத்தடுத்த இதழ்களில் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும்.

அன்புடன்,
ஆசிரியர்